மிதக்கும் ஈரலும் நிமோனியாவும்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலைக் கறிக்கடைக் கூட்டத்தில் சுவரொட்டி எனும் மண்ணீரலுக்கும் ஈரலுக்கும்தான் போட்டி. கொக்கியில் மூச்சுக்குழலோடு தொங்கும் நுரையீரலைக் கேட்பவர்கள் குறைவு. வாங்கிச் சமைத்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். தண்ணீரில் போட்டால் அமுங்காது. கரண்டியால் அழுத்தினாலும் மேலே வந்து நிற்கும், கொதிக்கக் கொதிக்க நுரை தள்ளும். அதே சட்டியில் கல்லீரல் துண்டைப் போட்டால் நேரே அடிக்குப் போய்விடும்.

நிமோனியா என்ற சொல்லின் வேர் இந்த மிதப்பில்தான் இருக்கிறது.

கிரேக்கத்தில் நுரையீரலுக்குப் பெயர் 'ப்நியூமோன்'. காற்றையும் உயிர்மூச்சையும் குறிக்கும் 'ப்நியூமா'வுக்கு இது சொந்தம் என்றே கேட்டவுடன் தோன்றும். டயர் கம்பெனிக்காரர்கள் சொல்லும் 'நியூமேட்டிக்' அந்த ப்நியூமாவின் வழிவந்ததுதான். ஆனால் அந்த உறுப்புக்குக் கிரேக்கர்கள் முதலில் வைத்திருந்த பெயர் 'ப்ளியூமோன்'. மிதப்பது, நீரில் ஓடுவது என்ற பொருளுள்ள பழைய வேர் ஒன்றோடு மொழியியலாளர்கள் அதைச் சேர்க்கிறார்கள். மூச்சுவிடும் உறுப்புதானே என்ற நினைப்பில், பேச்சு வழக்கில் லகரம் நகரமாகிவிட்டது. இலத்தீனில் பழைய லகரம் அப்படியே தங்கி 'புல்மோ' ஆனது. பல்மனாலஜிஸ்ட் என்று பலகை மாட்டிய டாக்டர் சீட்டில் நிமோனியா என்று எழுதும்போது, பிரிந்துபோன பங்காளிகள் இருவர் ஒரே தாளில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

முன்னால் இருந்த 'ப்' எங்கே போனது? ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இன்றும் அதை உச்சரிக்கிறார்கள். ஆங்கிலேயர் எழுத்தில் வைத்துக்கொண்டு வாயில் விட்டுவிட்டார்கள். நாம் அவர்கள் வாயிலிருந்து வாங்கியவர்கள். இரண்டு மெய் கூடி ஒரு சொல்லைத் தொடங்குவதைத் தமிழ் ஒப்பாது என்பதால், நேரே கிரேக்கரிடம் வாங்கியிருந்தாலும் அது நிலைத்திருக்காது.

கடைசியில் வரும் 'இயா' ஒரு நிலையைக் குறிக்கும் விகுதி. ஆக, சொல்லின் முழுப் பொருள் 'நுரையீரல் நோய்'. எந்தக் கிருமி, ஏன் வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் 'பெரிப்நியூமோனியா' வருகிறது. கிருமி என்ற எண்ணமே இல்லாத காலம் அது. 2019 டிசம்பர் 31 அன்று வூஹானிலிருந்து உலகுக்கு வந்த செய்தியும் 'காரணம் தெரியாத நிமோனியா' என்றுதான் இருந்தது. காரணத்தைச் சொல்லாத சொல் என்பதால்தான் அந்த இடத்திலும் அது பொருந்தியது.

நோய் நடப்பது மூச்சுக்குழல் கிளை பிரிந்து பிரிந்து முடியும் இடத்தில். அங்கே இருப்பவை காற்றுப்பைகள். வளர்ந்த ஒருவருக்கு 30 கோடிக்கு மேல் இருக்கும். ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பையில் இருக்கும் காற்றுக்கும் வெளியே ஓடும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான்கூட இருக்காது. ஆக்சிஜன் கடப்பது அந்தச் சுவரை.

நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். அது கீழே இறங்கி, பைகளில் காவலிருக்கும் அணுக்களை மீறிப் பெருகினால், உடம்பு படையை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் கசிகின்றன. நீரும் புரதமும் வெள்ளையணுக்களும் சிவப்பணுக்களும் பைகளுக்குள் இறங்குகின்றன. கிருமியைக் கொல்ல வந்த கூட்டமே காற்றின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கமாக வரும் இரத்தம் ஆக்சிஜன் வாங்காமலே திரும்புகிறது. கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த கருவியில் எண் இறங்கியது இதனால்தான்.

'நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு' என்று மதுரைப் பக்கம் சொல்வது பாதி சரி. அடைப்பு நிஜம், ஆனால் அடைத்திருப்பது வெறும் சளி அல்ல. ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்குச் சுகம் கிடைக்கும். காற்றுப்பையில் தேங்கியதை அது கரைக்காது.

1816இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பாரிஸ் மருத்துவர் லென்னெக், நெஞ்சில் கேட்ட ஒலியைப் பிரேதப் பரிசோதனையில் கண்டதோடு ஒப்பிட்டார். நோயுற்ற பகுதி கனத்து, கெட்டியாகி, அறுத்தால் கல்லீரல் போல இருந்தது. அந்த நிலையை 'ஈரலாதல்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அப்படி ஆன துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். தமிழில் இதை விளக்கவே வேண்டாம்: நுரையீரலிலிருந்து நுரை போய்விட்டது, மிச்சம் ஈரல். இந்தக் கெட்டித்தனம் வெளியிலிருந்தே தெரியும் என்பதை வியன்னாவில் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர் 1761லேயே எழுதிவிட்டார். விடுதிக்காரர் மகனான அவர், மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பதுபோல நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். காற்றுள்ள இடம் முழங்கும், அடைத்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

எனக்கு வியப்பு, நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்தான். ஆன்டிபயாட்டிக் கிருமியை அடக்கியபின், உடம்பின் துப்புரவு அணுக்கள் தேங்கியதைக் கரைத்து விழுங்குகின்றன. பையின் சுவர் கெடாதிருந்தால் பழையபடி காற்று நிறைகிறது. காய்ச்சல் சில நாளில் விட்டாலும், எக்ஸ்ரேயில் நிழல் மறைய வாரக்கணக்கில் ஆகலாம்.

வைரஸ், பூஞ்சை, புரையேறிய சாப்பாடு, எதனாலும் நிமோனியா வரும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம். எண்ணெய் இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி வரும் நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து என்ன பயன்? பாட்டிமார் கோபித்தாலும் இதை நிறுத்தத்தான் வேண்டும்.

நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் அரசுத் திட்டத்தில் இலவசம். 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் போடுவார்கள். இருமும் குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவோ அதற்கு மேலோ போனால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால், காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.