சைக்கிள் வாங்கும் முன் உள்காலை அளந்துகொள்ளுங்கள்

கடையில் "என்ன சைஸ் வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "26". இப்போது சிலர் "29" என்கிறார்கள். இரண்டுமே சக்கரத்தின் அளவு, இஞ்சில். உங்கள் உடம்போடு ஒத்துப்போக வேண்டியது ஃபிரேம், அதாவது வண்டியின் குழாய்ச் சட்டம். ஒரே 26 இஞ்ச் சக்கரத்தில் 15 இஞ்ச் ஃபிரேமும் வரும், 19 இஞ்ச் ஃபிரேமும் வரும். ஐந்தடி உயரமுள்ளவரை அந்த 19-இல் ஏற்றினால் சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் சாய்வார்.

ஃபிரேம் அளவு என்பது கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து, சீட் செருகும் சீட் குழாயின் மேல் விளிம்பு வரை உள்ள நீளம். எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வகைக்கு இஞ்சிலும், தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் ரோடு வண்டிக்கு சென்டிமீட்டரிலும் சொல்வார்கள். சில கம்பெனிகள் மேல் விளிம்பு வரை அளக்காமல், பார் (சீட் பக்கத்திலிருந்து ஹேண்டில் பக்கம் போகும் மேல் குழாய்) வந்து சேரும் இடத்தின் நடுவோடு நிறுத்திவிடும். அதனால் இரண்டு கம்பெனிகளின் "52" ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனி உங்கள் உள்கால் அளவு, அதாவது தரையிலிருந்து கவட்டை வரை உள்ள உயரம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். இரு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, அதன் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்கும்படி மேலே நன்றாக அழுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை இன்னொருவர் டேப் பிடிக்கட்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பேன்ட் தைக்கக் கொடுத்த உள்கால் அளவு இதற்கு உதவாது, அது சில சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும்.

உயரத்தை மட்டும் வைத்து ஃபிரேம் பார்த்தால் என்ன ஆகும்? 168 செ.மீ. உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு உள்கால் 75 செ.மீ., மற்றவருக்கு 81. ரோடு, ஹைபிரிட் (ரோடு, எம்டிபி இரண்டும் கலந்த வகை) வண்டிகளுக்கு உள்காலை 0.66-ஆல் பெருக்குவது வழக்கம்: முதலாமவருக்கு 49.5 செ.மீ., இரண்டாமவருக்கு 53.5. எம்டிபி என்றால் உள்கால் சென்டிமீட்டரை 0.226-ஆல் பெருக்கினால் விடை நேராக இஞ்சில் கிடைக்கும்: ஒருவருக்கு 17, மற்றவருக்கு 18க்குச் சற்று மேல். ஒரே உயரம், வேறு வேறு ஃபிரேம். "5 அடி 2 முதல் 5 அடி 10 வரை எல்லோருக்கும் பொருந்தும்" என்று போட்டு விற்கும் வண்டிகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சீட் உயரத்துக்கும் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு. உள்கால் பெருக்கல் 0.883, கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. 75-க்கு 66.2 செ.மீ., 81-க்கு 71.5. அங்கிருந்து 3, 5 மில்லிமீட்டராக ஏற்றி இறக்கிப் பாருங்கள். சரிபார்க்க எளிய வழி: பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதில் வையுங்கள், முழங்கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. முன்பாதத்துக்கு மாற்றியதும் முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிகம் உயர்ந்தால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், பின்னால் வருபவர் கண்ணுக்கு இடுப்பு ஆடுவது தெரியும்.

சீட்டைத்தான் ஏற்றி இறக்கலாமே, பிறகு ஃபிரேம் எதற்கு என்று கேட்பார்கள். உயரத்தைச் சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் பார்த்துக்கொள்ளும், நீளத்தை எது பார்த்துக்கொள்ளும்? சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் என்பதைப் பெரும்பாலும் பாரின் நீளம்தான் முடிவு செய்கிறது. ஃபிரேம் நீளமாகிவிட்டால் கை விறைத்து, எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கி, விரல் மரத்து, கழுத்து பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை 10, 20 மில்லிமீட்டர் குட்டையாக மாற்றிச் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் லேசாக அசைத்தாலே திரும்பும் அளவுக்கு ஹேண்டில் துடுக்காகிவிடும். சீட்டை முன்னால் தள்ளி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் கையைக் காப்பாற்றி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டினால் "சின்னதை எடு, சீட்டை ஏற்றிக்கொள்" என்பது கடைகளில் கேட்கும் அறிவுரை. பாதி சரி. சின்ன ஃபிரேமில் ஹேண்டில்பாரும் தாழ்ந்துதான் இருக்கும். சீட் ஏறஏற முதுகு குனியும், இடுப்பு வலி உள்ளவருக்கு அது தண்டனை. கால் நீளம், உடம்பு குட்டை என்றால் சின்னது சரி. உடம்பும் கையும் நீளமானவருக்குப் பெரியதுதான் நல்லது. சின்ன ஃபிரேமில் 700சி சக்கரம் (ரோடு, ஹைபிரிட் வண்டிகளில் வரும் பெரிய சக்கரம்) இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பெடல் முன்னால் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பினால் ஷூவின் நுனி டயரில் இடிக்கிறதா? மெதுவாக வளைந்து திரும்பும்போது அதுதான் கீழே தள்ளும்.

சீட் போஸ்ட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது சீட் குழாய்க்குள் மறைந்தே இருக்க வேண்டும். கோடு வெளியே தெரிய ஏற்றினால்தான் உயரம் பற்றுகிறது என்றால் அந்த ஃபிரேம் உங்களுக்குச் சின்னது. அப்படியே ஓட்டினால் போஸ்ட் வளையும், குழாயின் வாய் விரிசல் விடும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. "வளர்ற பையன், மூணு வருஷம் ஓட்டட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறார்கள். 22, 24 இஞ்ச் ஃபிரேம் போட்ட கறுப்பு வண்டியே வீட்டுக்கு ஒன்று என்றிருந்த காலத்தில் குரங்குப் பெடல் தவிர வேறு வழியில்லை. இன்று 12 இஞ்ச் சக்கரத்திலிருந்து 24 வரை கிடைக்கிறது. புதிதாகப் பழகும் பிள்ளைக்குச் சீட்டை முழுதாக இறக்கிய பிறகு, தரையிலிருந்து சீட் வரை உள்ள உயரம் உள்கால் அளவைத் தாண்டக் கூடாது, இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். பிரேக் லீவரை எட்டிப் பிடித்து இழுக்க முடிகிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். பெரிய வண்டியில் விரல் நுனிதான் எட்டும்.

பெரியவர்கள் தினமும் போடும் ஷூவோடு போய், பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். ரோடு, ஹைபிரிட்டில் 2 முதல் 5 செ.மீ., எம்டிபியில் 5-க்கு மேல் இடைவெளி வேண்டும். பிறகு ஒரு கால் மணி நேரம் ஓட்டுங்கள், அலுவலகப் பை முதுகில் இருக்கட்டும்.