தரைக்கு மேலே வந்த தூண்

இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்றொரு சதுப்புநிலம். 1851 வாக்கில் அங்கே ஓர் இரும்புத் தூணை, அதன் உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணுக்குள் முழுதாக இறக்கினார்கள். இன்று அந்த உச்சி ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் அதே இடத்தில்தான் இருக்கிறது. தரை இறங்கிவிட்டது.

பக்கத்திலிருந்த விட்டில்சி ஏரியை வடித்து விளைநிலமாக்கிய காலம் அது. அங்குள்ளது பீட் எனப்படும் கறுப்பு மண். மண் என்கிறோமே தவிர, பெரும்பகுதி செடிகொடிகளின் மிச்சம்தான். தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் அதிகம் போகாது. அதனால் இலைதழை முழுதாக மட்காமல், ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் சேர்ந்துகொண்டே வரும். 1 மீட்டர் சேர எத்தனை தலைமுறை ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் முதலில் மண் அமுங்கிச் சுருங்குகிறது. அப்புறம் காற்று உள்ளே நுழைகிறது. அதுவரை முடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் அந்த மிச்சங்களை மட்கச் செய்ய, அதிலிருந்த கார்பன் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. காட்டை வெட்டினால் கண்ணுக்குத் தெரியும். இங்கே மேலே பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும்போதே அடிமண் காற்றோடு போய்க்கொண்டிருக்கும். தரை தாழத் தாழ, நீர் மறுபடி வேரை எட்டிவிடும். வாய்க்காலை இன்னும் ஆழமாக்கி, பம்பு வைத்து இறைத்தாக வேண்டும். ஆழமாக்கினால் இன்னும் மண் போகும்.

உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அத்தனையிலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. காடழிப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதை நாம் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பேசாததன் விலையை இந்தோனேசியா கொடுத்தது. 1990களின் நடுவில், மத்திய காளிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக்காட்டை நெல்வயலாக்கப் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். சத்தில்லாத அமில மண்ணில் நெல் சரியாக வரவில்லை. 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது, காய்ந்த பீட் தீப்பிடித்தது. மண்ணே எரிபொருள் ஆகிவிட்டதால் தீ தரைக்கடியில் கனன்றது. அந்த ஆண்டுத் தீக்களின் புகை அண்டை நாடுகளையும் மூடியது.

சரி, என்ன செய்யலாம்? வாய்க்காலை அடைத்து நீரைத் தேக்கலாம். தொடக்கத்தில், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுவது கூடும். ஆனாலும் மண் கரைவது நிற்பதால் நீண்டகாலத்தில் அதுவே லாபம். முழுதாகத் தேக்க முடியாத வயலில்கூட நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் இழப்பு குறையும். ஹோம் ஃபென்னைச் சுற்றிய நிலங்களில் இப்போது நீரைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஈரத்திலேயே வளரும் பயிர்களையும் போட்டுப் பார்க்கிறார்கள்.