குளியல் தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் இப்போது எழும் மாடி வீடுகளில், குறிப்பாக வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் கட்டப்படுபவற்றில், குளியல் தொட்டியும் ஷவர் ட்ரேயும் (ஷவருக்குக் கீழே நின்று குளிக்கும் ஆழமில்லாத தட்டு) வழக்கமாகி வருகின்றன. தொட்டியின் நிறத்தையும் விலையையும் பற்றி வீட்டுக்காரர் எவ்வளவோ விசாரிக்கிறார்கள். அது எதன்மேல் இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் அரிது. திருத்த வேலைக்கு என்னை அழைக்கும் வீடுகளில் பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோ. 150 லீற்றர் நீரும் 70 கிலோ எடையுள்ள ஒருவரும் சேர்ந்தால், தொட்டியின் சொந்த எடையைச் சேர்க்காமலே 220 கிலோ ஆகிவிடும். அக்ரிலிக் தொட்டி, கண்ணாடி நாரினால் வலுவூட்டப்பட்ட மெல்லிய தகடுதான். அதன் விளிம்பைச் சுவரில் ஏற்றி, இரு முனைகளிலும் கல்லை வைத்துவிட்டுப் போனால், ஆள் இறங்கும் ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி வளையும். தொட்டிக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கும் சிலிக்கன் பசை மெல்லப் பிரியும். நீர் சுவர் மாபிளுக்கு (டைல்ஸ்) பின்னால் இறங்கும். மேல்மாடியாயின் அந்த ஈரம் கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மரக்கட்டையை அடியில் செருகுவது நம்மூரில் கறையானுக்கு விருந்து வைப்பதாகும்.

தொட்டியுடன் வரும் கால்கள் அனைத்தும் உறுதியான தரையைத் தொட வேண்டும். ரசமட்டம் வைத்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் சரிபார்த்த பின்னரே பூட்டு நட்டுகளை இறுக்க வேண்டும். நிலத்தளமாயின், நிரப்பிய மணல் நீர் விட்டு நன்கு இடிக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். சிலிக்கன் பூசும் முன் தொட்டியை நீரால் நிரப்பி, பூசியது காயும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். வெறுந்தொட்டியில் பூசினால், பின்னர் பாரம் ஏறித் தொட்டி தாழும்போது சிலிக்கன் இழுபட்டுக் கிழியும்.

கால்களில்லாத ஷவர் ட்ரேயில் நான் அதிகம் காணும் பிழை, சீமெந்துக் கலவையை ஐந்தாறு இடங்களில் குவியலாக வைத்து அதன்மேல் ட்ரேயை அமர்த்துவது. குவியல்களுக்கிடையே உள்ள இடமெல்லாம் வெற்றிடம். குதிக்கால் அழுந்தும் இடத்தில்தான் முதல் கீறல் விழும். ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கைந்து பங்கு மணல் சேர்த்து, அதிகம் நீர் விடாமல் குழைத்து, தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லாதவரை அடிப்பாகம் முழுவதற்கும் பரப்ப வேண்டும். இறுகியபின் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: பொள்ளலாக ஒலித்தால் மாபிள் ஒட்டும் முன்பே தூக்கித் திரும்ப அமர்த்துவது மலிவு. வெற்றிடத்துக்குள் நுரை அடிப்பதைப் பலர் சுலபவழியாக எண்ணுகிறார்கள். அது விரியும்போது ட்ரேயையே மேலே தள்ளிவிடும்.

கழிவுக் குழாயின் இணைப்பை, மூடும் முன் நீர் ஊற்றிச் சோதியுங்கள். தொட்டியாயின் அந்தப் பக்கத்தில் கழற்றக்கூடிய பலகை ஒன்றை விடச் சொல்லி மேசனிடம் முன்கூட்டியே பேசுங்கள். மாபிள் ஒட்டி முடிந்தபின் அதைக் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. மாபிள் ஒட்டும் முன் அடிப்பகுதியைக் கைபேசியில் நாலைந்து படம் எடுத்து வைத்தால், பின்னர் திருத்த வருபவர் எங்கே உடைக்க வேண்டும் என்று தேடத் தேவையில்லை.