ப்ரொஃபைலுக்குப் பூட்டு, கமெண்ட்டுக்கு?

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு ஃப்ரண்ட் ஆபீஸில் ஆள் கேட்டிருந்தார்கள். நாங்கள் அனுப்பிய தம்பி கேட்டரிங் படித்தவன், நன்றாக இங்கிலீஷ் பேசுவான். சம்பளம் வரை பேசி முடித்துவிட்டு, மறுநாள் வேண்டாம் என்றார்கள். கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதை கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் நிற்கும் போட்டோ. அதற்குக் கீழே, டூரிஸ்ட்டுகளை, அவர்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்து இழுத்துத் திட்டி இவன் எழுதிய கமெண்ட். அப்படி எழுதியவனை எப்படி ரிசப்ஷனில் உட்கார வைப்பார்கள்?

சேலத்தில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். இதே காரணத்துக்கு நல்ல பிள்ளைகள் திரும்பி வருவதைப் பார்த்து அலுத்துவிட்டது. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ப்ரொஃபைல் லாக் போட்டிருக்கேனே மேடம்!"

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக் 2020-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த லாக், உங்கள் பக்கத்தில் இருப்பதைத்தான் வெளியாட்களிடமிருந்து மறைக்கும். அடுத்தவர் பதிவில் நீங்கள் எழுதும் கமெண்ட்டை யார் பார்க்கலாம் என்பது, அந்தப் பதிவைப் போட்டவர் கையில். நியூஸ் பக்கமும் மீம் பக்கமும் எல்லோருக்கும் திறந்தவை. அங்கே எழுதினால் உங்கள் பெயரோடு எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்டாவை ப்ரைவேட் ஆக்கினாலும் இதேதான். கூகுள் மேப்பில் போட்ட ரிவ்யூவும் அப்படியே. வீட்டைப் பூட்டிவிட்டு ஐந்து ரோடு ஜங்ஷனில் நின்று கத்தினால் பூட்டு என்ன செய்யும்? ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும் என்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் போகாது.

ஃபேஸ்புக்கில் ஆக்டிவிட்டி லாக், இன்ஸ்டாவில் யுவர் ஆக்டிவிட்டி. இரண்டிலும் உங்கள் பழைய கமெண்ட்கள் வரிசையாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இன்று எழுதக் கூசுகிற எல்லாவற்றையும் அழியுங்கள். இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி வரை தள்ளிப்போடாதீர்கள்.

திருவிழாவில் ஆடிய வீடியோவைப் பார்த்து நான் யாரையும் ஒதுக்கியதில்லை. அக்கவுண்ட்டே இல்லையென்றாலும் குறையில்லை. நாங்கள் பார்ப்பது இரண்டு: அடுத்தவரிடம் பேசும் விதம், பழைய கம்பெனியைப் பற்றிப் பேசும் விதம். நம் ஊரில் ஷோரூம்காரரும் ஆஸ்பத்திரிக்காரரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சம்பள பாக்கி இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். அது உங்கள் உரிமை. முதலாளி பெயரைப் போட்டு ஸ்டேட்டஸில் திட்டுவதால் அந்தப் பணம் வராது.

அப்புறம், ரெஸ்யூமேயில் ஒரு தேதி, லிங்க்ட்இனில் வேறு தேதி. வேண்டவே வேண்டாம், பொய் சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். ட்ரூகாலரில் உங்கள் நம்பருக்கு என்ன பெயர் வருகிறது என்றும் பாருங்கள். மற்றவர்கள் தங்கள் போனில் போட்டு வைத்த பட்டப்பெயர் அங்கே வரக்கூடும். ஆப்பில் போய் நீங்களே சரியான பெயரைக் கொடுக்கலாம்.

ஃப்ரெஷர்களுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு: "வேலை வேண்டும்" என்று வீட்டு விலாசம், போன் நம்பர், ஆதார் எல்லாம் உள்ள ரெஸ்யூமேயை ஃபேஸ்புக் குரூப்பில் போடாதீர்கள், கண்ணுகளா. போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது கூப்பிட்டு, வேலைக்கு டெபாசிட் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்களா? வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காமல், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.