எமூனா: கடவுளுக்கு நம்பகத்தன்மை எதற்கு?

அண்மைக்கால மறையுரைகளிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் ‘கடவுளின் நம்பகத்தன்மை’ என்ற தொடர் ஓயாமல் காதில் விழுகிறது. விவிலியத்தின் புலம்பல் நூலில் 3:23-ஐ விளக்கும்போதும் இதையே எடுத்தாளுகிறார்கள். அந்த வசனத்துக்கு இதைவிடப் பொருந்தாத சொல் கிடைக்காது.

அங்கே இருக்கும் எபிரெயச் சொல் எமூனா. உறுதியாய் நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள். ‘ஆமென்’ அதே வேரில் பிறந்தது. அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் பொழுது சாயும்வரை தளராமல் நின்ற இடத்திலும் (யாத்திராகமம் 17:12) இதே சொல்தான் வருகிறது.

நம்பகத்தன்மை என்பதோ நம்புகிறவர் பக்கம் நின்று பார்க்கிற சொல். செய்திக்கு அது உண்டா, வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உண்டா என்று சோதிப்பவர் கேட்பார். ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையில். புலம்பலைப் பாடியவர் அந்த இடத்திலா இருந்தார்? கி.மு. 586-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை இடித்து, ஆலயத்தை எரித்து, மக்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோயிற்று. முற்றுகையின் பசியில் தாய்மார் தம் பிள்ளைகளையே சமைத்தார்கள் என்கிறது 4-ஆம் அதிகாரம். 3:18-இல் பாடகர் தம் நம்பிக்கை அழிந்தே போயிற்று என்கிறார். ஐந்து வசனம் தள்ளி எமூனா வருகிறது. நம்பிக்கை அற்றுப்போனவர் வாயில் ‘நம்பு’ என்ற வினையிலிருந்தே பிறந்த சொல்லைத் திணிப்பது எப்படித் தகும்? தமக்குள் பற்றிக்கொள்ள எதுவும் எஞ்சாதபோது, தமக்கு வெளியே அசையாமல் நின்ற ஒன்றையல்லவா அவர் பாடுகிறார்!

சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு ‘உமது உண்மை பெரிதாயிருக்கிறது’ என்கிறது. நல்ல சொல். ‘உள்’ என்பதிலிருந்து வந்த உண்மைக்கு இருப்பு என்ற பொருள் உண்டு. இன்மைக்கு எதிர்ச்சொல் அது. இன்று பொய்க்கு எதிர்ச்சொல்லாக மட்டும் சுருங்கிவிட்டதால்தான் வேறு தேட வேண்டியிருக்கிறது. ‘விசுவாசம்’ உதவாது. மனிதர் கடவுள்மேல் வைப்பதற்கே அது வழங்கிவிட்டதால், ‘கடவுளின் விசுவாசம்’ என்றால் அவர் யார்மேல் வைத்தது என்ற குழப்பம் வரும்.

என் தேர்வு ‘வாக்குப் பிறழாமை’. கத்தோலிக்கத் திருப்பாடல்களில் ஏற்கெனவே புழங்கும் தொடர். அதில் ஆறுதலோடு கண்டிப்பும் இருக்கிறது. நாடுகடத்தப்பட்டவர்கள் கடவுள் வாக்கு மாறிவிட்டார் என்று எண்ணியிருக்கலாம். புலம்பல் 2:17 நேர்மாறாகப் பேசுகிறது: முன்னாளில் சொன்ன வார்த்தையைத்தான் அவர் நிறைவேற்றினார். உடன்படிக்கையை மீறினால் அந்நிய நாட்டுக்குப் போவீர்கள் என்று உபாகமம் 28-ஆம் அதிகாரம் முன்பே எச்சரித்திருந்தது. அந்த வாக்கு பிறழவில்லை. பாபிலோனிலிருந்தவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதத்தில், எழுபது ஆண்டு நிறைந்தபின் திரும்பக் கொண்டுவருவேன் என்ற வாக்கும் இருந்தது. அதுவும் பிறழவில்லை. கி.மு. 539-இல் பாரசீக அரசர் கோரேசு பாபிலோனைப் பிடித்தார். யூதர் ஊர் திரும்ப ஆணை பிறந்தது. நகரம் இடிந்ததையும் மக்கள் மீண்டதையும் ஒருசேரத் தாங்க ‘நம்பகத்தன்மை’க்கு வலுவில்லை.

இன்றைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு எதைக் கண்டாலும் ‘தன்மை’யை ஒட்டாமல் கை நிற்பதில்லை. எளிமைத்தன்மை, தூய்மைத்தன்மை என்றெல்லாம் எழுதுகிறார்கள். ‘மை’ விகுதியே தன்மையைக் குறிக்கும்போது அதன்மேல் இன்னொரு தன்மை எதற்கு? அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடாமல், புலம்பல் 3-ஆம் அதிகாரத்தின் 66 வசனங்களையும் வாய்விட்டுப் படித்திருந்தால் ‘நம்பகத்தன்மை’ என்ற சொல் அவர்கள் கைக்கே வந்திருக்காது.