வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்கும் மை

2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்து நாசமான பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் மாற்றுப் பிரதி வழங்க அரசு சிறப்பு முகாம்களையே நடத்த வேண்டியிருந்தது. நனைந்த தாளில் கையால் எழுதியது பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் எழுதிய மையே முடிவு செய்கிறது. பள்ளியில் நாம் எழுதிப் பழகிய ராயல் ப்ளூ மை, தண்ணீரில் சிறிது நேரம் ஊறினாலே வெளிர்நீலக் கறையாகிவிடும். அதே பேனாவில், அதே தாளில், வேறொரு மையால் எழுதிய வரி ஒரு நாள் முழுக்க ஊறினாலும் படிக்கும்படி இருக்கும். நாட்குறிப்பு, குடும்பக் கணக்கு, உயில், ஆய்வகக் குறிப்பேடு என்று நெடுநாள் இருக்க வேண்டியவற்றை மைப் பேனாவால் எழுதுகிறவர்கள், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் மை வாங்க வேண்டும்.

சாதாரண மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். கரைய வேண்டும் என்பதற்காகவே சாய மூலக்கூறில் சல்போனேட் போன்ற மின்னூட்டம் பெற்ற தொகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கும். எழுத்து காயும்போது தண்ணீர் ஆவியாகிறதே தவிர, சாயம் வேறொரு பொருளாக மாறுவதில்லை. ஆகவே மறுபடியும் தண்ணீர் பட்டால் மறுபடியும் கரைகிறது. சாயத்தின் நிறத்துக்குக் காரணம், அந்த மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட தொடர். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தத் தொடரை ஓரிடத்தில் அறுத்துவிட்டால், மூலக்கூறின் மிச்சம் தாளிலேயே இருக்கும், நிறம் மட்டும் போய்விடும். பிளீச்சிங் பவுடர் இதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

இதற்கு மனிதர் கண்ட பழைய விடைகளில் ஒன்று, மையைத் தாளின் மேலேயே உருவாக்குவது. இரும்பு உப்பும் தாவரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து தரும் இந்த மையை ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் புடைப்புகளிலிருந்து செய்தார்கள். நம் பக்கத்தில் டானினுக்குக் கடுக்காய் இருக்கிறது. இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூளும், இரும்பு சல்பேட்டான அன்னபேதியும் வாங்கி வந்து, கடுக்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் மஞ்சளும் பழுப்புமான சாறு கிடைக்கும். அதில் அன்னபேதிக் கரைசலைச் சில சொட்டு விட்டதும் சாறு கருநீலமாகி, காற்றுப் பட வைத்திருந்தால் மேலும் கறுக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் கடுக்காயும் இரும்பும் சந்திப்பதால்தான். (இந்தச் சாற்றை எக்காரணம் கொண்டும் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அதில் உண்டாகும் கசடு ஒரே நாளில் பேனாவை அடைத்துவிடும்.)

கடையில் கிடைக்கும் மைப் பேனா மையில் அந்தக் கசடு உண்டாகாமல் தடுப்பது அமிலம். புட்டியில் இருக்கும்வரை இரும்பு, ஃபெரஸ் என்ற கரையும் நிலையில் இருக்கிறது. அமிலம் அதை அந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. தாளில் பட்டதும் நீர் ஆவியாகிறது, காற்றின் ஆக்சிஜன் இரும்பை ஃபெரிக் நிலைக்கு மாற்றுகிறது, அது டானினுடன் சேர்ந்து தண்ணீரில் கரையாத கறுப்புச் சேர்மமாகக் காகித இழைகளுக்குள்ளேயே படிகிறது. இந்த மாற்றம் முடியச் சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள்வரை ஆகும் என்பதால், எழுதும்போதே கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு நீலச் சாயத்தையும் கலந்து விற்றார்கள். ப்ளூ-பிளாக் என்ற வகை பிறந்தது இப்படித்தான். எழுதி ஒரு வாரம் ஆன வரியைத் தண்ணீரில் போட்டால் நீலம் கலைந்து ஓடும், சாம்பல் கலந்த கறுப்பு அசையாமல் நிற்கும். ஆனால் இன்று ப்ளூ-பிளாக் என்ற பெயரில் வருவனவற்றில் பல வெறும் சாய மைகளே. இரும்பு மைதான் வேண்டும் என்பவர்கள் டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ், ரோரர் அண்ட் கிளிங்னர் சாலிக்ஸ், பிளாட்டினம் ப்ளூ-பிளாக் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மையின் ஆயுளுக்குச் சாட்சி நான்காம் நூற்றாண்டின் கோடெக்ஸ் சினைட்டிகஸ் என்ற பைபிள் சுவடி. அதன் ஆபத்துக்கும் சாட்சி உண்டு: இசைமேதை பாக் தன் கையால் எழுதிய இசைத்தாள்கள் சிலவற்றில், மை இருந்த இடமெல்லாம் காகிதமே அரிக்கப்பட்டுவிட்டது. அமிலம், காகித இழைகளின் மூலப்பொருளான செல்லுலோஸின் சங்கிலிகளை வெட்டுகிறது. டானினுடன் சேராமல் மிஞ்சிய இரும்பு, செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைவதை விரைவுபடுத்துகிறது. காற்றில் ஈரம் கூடினால் இரண்டும் வேகம் பிடிக்கின்றன. சென்னைக் காற்றை நினைத்து இதற்காக அஞ்சலாம், ஆனால் அளவாக அஞ்சினால் போதும். பழைய மைகளில் இரும்பைக் கைக்கு வந்தபடி கொட்டினார்கள், ஐ.எஸ். 220 என்ற இந்தியத் தரநிலை இவ்வகைப் பேனா மைக்குக் குறிப்பிடுவது 0.1 சதவீத இரும்புதான். அந்த அளவில் முதலில் பாதிக்கப்படக்கூடியது காகிதத்தைவிட எஃகு நிப்பே. தங்க நிப்புக்குக் கவலையில்லை. எஃகு நிப்புள்ள பேனாவைத் தினமும் எழுதி, சில வாரங்களுக்கு ஒருமுறை தண்ணீரில் அலசி வைத்தால் அதற்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இரண்டாவது விடை கரி. பெசன்ட் நகர் உ.வே.சா. நூல்நிலையத்தில் இருப்பவை போன்ற ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் தங்கியிருப்பது பெரும்பாலும் விளக்குக் கரிதான். ஓலையைப் பூச்சி தின்னலாம், கரி வெளுப்பதில்லை. கரித்துகளில் அறுந்துபோகச் சாயத் தொடர் எதுவும் கிடையாது. ஒளியோ பிளீச்சோ அதை எளிதில் தொட முடியாது. அதையே பேனாவில் ஓடவிடுவதுதான் சிக்கல். ஓவியக் கடைகளில் விற்கும் இண்டியன் இங்கில் பெரும்பாலும் அரக்குப் போன்ற பசை கலந்திருக்கும். அது பேனாவுக்குள் காய்ந்தால் பேனா போயிற்று. பிளாட்டினம் கார்பன், சைலர் கிவாகுரோ போன்றவற்றில் கரித்துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் கீழே பொடியாக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தண்ணீரில் மிதக்க விடப்படுகின்றன. காய்ந்தால் இவையும் மீண்டும் கரையா. சித்திரை வெயிலில் மூடி திறந்த பேனாவை மேசையில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த மை ஆகாது. ஆனால் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை நிரப்பும் நம் ஊர் எபனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில் பலவற்றில் நிப்பையும் அதன் அடியிலுள்ள நாக்கையும் கையாலேயே உருவிக் கழுவ முடியும் என்பதால், விலை கூடிய வெளிநாட்டுப் பேனாவைவிட அவையே இந்த மைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கரி மையையும் இரும்பு மையையும் ஒரே பேனாவில் கழுவாமல் மாற்றி ஊற்றக் கூடாது. இரும்பு மையின் அமிலம் பட்டால் கரித்துகள்கள் திரண்டுவிடும்.

மூன்றாவது வகை, செல்லுலோஸுடன் நேரடியாகப் பிணையும் சாயம். திருப்பூரில் பனியன் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் எப்படிப் பருத்தி இழையைப் பற்றிக்கொள்கிறதோ, அந்த வழியில்தான் இதுவும் காகித இழையைப் பற்றுகிறது. நூட்லர்ஸ் நிறுவனத்தின் புல்லட்புரூஃப் மைகள் இந்த வகைக்குப் பெயர்பெற்றவை. இழையைத் தொட்ட மைதான் பிணையும், மேலே தேங்கியது பல நாள் கழித்தும் விரலில் ஒட்டும் என்பதால் பட்டையான நிப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புட்டியில் அச்சிட்டிருக்கும் ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. தண்ணீரில் கரையாது என்பதும் வெயிலில் வெளுக்காது என்பதும் தனித்தனிப் பண்புகள். சில மைகளின் விவரக்குறிப்பில் காணப்படும் ஐ.எஸ்.ஓ. 12757-2 என்பது ஆவணங்களுக்கான பால்பாயின்ட் பேனாக்களுக்கு வகுத்த தரநிலை; ஒளி, நீர், ஆல்கஹால், அமிலம், பிளீச் எல்லாவற்றுக்கும் எழுத்து தாங்குகிறதா என்று பார்ப்பது என்பதால், அது இருந்தால் நம்பலாம். கெசட்டட் அதிகாரிகள் சான்றொப்பமிடும் பச்சை மை பெரும்பாலும் சாதாரணச் சாயமே என்பதை நினைத்தால், நம் சான்றிதழ் நகல்களின் மிக முக்கியமான இடம் மிக எளிதில் அழியக்கூடிய மையில் இருப்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

வாங்கிய மையைச் சோதிக்க, நீங்கள் வழக்கமாக எழுதும் தாளிலேயே எழுதிப் பார்க்க வேண்டும், ஏனெனில் வழவழப்பான பூச்சுள்ள தாளில் எந்த மையும் இழைக்குள் சரியாக இறங்காது. ஒரே வரியை ஐந்தாறு முறை எழுதி, இரும்பு மையானால் ஒரு வாரம் ஆறவிட்டு, தாளைப் பட்டைகளாக வெட்டி, ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றைப் பிளீச்சிங் கரைசலிலும் ஊறவையுங்கள். மற்றொன்றின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து, தெற்கு ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். எந்தப் பட்டை எந்த மை என்ற குறிப்பைப் பென்சிலால் எழுதுவது நல்லது. பென்சில் எழுத்தும் கரிமமே என்பதால் எந்தச் சோதனையிலும் அது அழியாது.