திரும்பிப் போன தண்ணீர் எவ்வளவு?

குடிநீர் நிறுவனம் எதனுடைய மாதாந்திர அறிக்கையைப் பார்த்தாலும் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆற்றிலிருந்து எவ்வளவு எடுத்தோம், வீடுகளுக்கு எவ்வளவு கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் குறைப்பதுதான் தண்ணீர் சிக்கனம் என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீர்த்தடக் கணக்கு (ஒரு பொருளோ ஊரோ எவ்வளவு தண்ணீரைச் செலவாக்குகிறது, மாசாக்குகிறது என்ற கணக்கு) போட ஆரம்பித்த பிறகுதான், அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு எண் இருந்திருக்க வேண்டும் என்பது உறைத்தது. எடுத்ததில் எவ்வளவு, எடுத்த இடத்துக்கே, உருப்படியான நிலையில் திரும்பிப் போனது?

நீர்த்தடம் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரு கோப்பை காபிக்கு 130 லிட்டர், ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் என்ற கணக்கு. பிரிட்டிஷ் புவியியலாளர் டோனி ஆலன் 1990-களில் பேசிய மறைநீர்க் கருத்தை (ஒரு பொருளை உண்டாக்கச் செலவாகி, கண்ணுக்குத் தெரியாமல் அதன் கணக்கில் இருக்கும் தண்ணீர்) அடியொற்றி, 2002-இல் நெதர்லாந்தின் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா கொண்டுவந்த அளவுகோல் அது. 2011-இல் வெளியான கையேடு அதற்கு நான்கு படிகள் வைத்தது: எதற்காக, எந்த எல்லைக்குள் கணக்குப் போடுகிறோம் என்று முடிவு செய்வது, கணக்குப் போடுவது, அந்த அளவை அந்தப் படுகை (ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதும்) தாங்குமா என்று பார்ப்பது, பிறகு என்ன செய்யலாம் என்று தீர்மானிப்பது. நான் பார்த்தவரை பெரும்பாலோர் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். எண் கிடைத்துவிட்டதே என்ற திருப்தி.

தடத்துக்கு மூன்று நிறங்கள். மண்ணில் தங்கிய மழைநீரைப் பயிர் உறிஞ்சி ஆவியாக்குவது பச்சை. அது விவசாயத்தின் சங்கதி, குடிநீர் நிறுவனத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுத்துத் திருப்பித் தராதது நீலம். நாம் கலக்கும் மாசை, ஆற்றுக்கு வைத்த தர வரம்புக்குள் நீர்க்கச் செய்ய எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது சாம்பல். (குளியலறைத் தண்ணீரைச் சொல்லும் ‘கிரே வாட்டர்’ வேறு, இது வேறு. ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் முதல் அரை மணி நேரம் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே போய்விடும்.)

‘திருப்பித் தராதது’ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஆவியாகிப் போனது, பொருளுக்குள் சேர்ந்து போனது, வேறொரு படுகையில் போய் விழுந்தது, எடுத்த காலத்தில் இல்லாமல் வேறு காலத்தில் வந்து சேர்ந்தது, இந்த நான்கும் நீலக் கணக்கில் சேரும்.

மூன்றாவது வகையை எனக்குப் புரியவைத்தது ஒரு நிறுவனம். கழிவுநீரில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சுத்திகரித்து ஆற்றில் விடுகிறோம், எங்கள் தடம் பூஜ்யத்துக்குப் பக்கம் என்று பெருமையாகச் சொன்னார்கள். சுத்திகரிப்பு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் தண்ணீர் எடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆற்றில், விட்டது இந்தப் பக்கம் உள்ள ஆற்றில். எடுத்த ஆற்றைப் பொறுத்தவரை ஒரு சொட்டும் திரும்பவில்லை. முழு அளவும் நீலத் தடம். வரைபடத்தை மேசையில் விரித்து இரண்டு படுகைகளையும் பிரிக்கும் நீர்ப்பிரிமேட்டுக் கோட்டைப் பென்சிலால் வரைந்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சாம்பல் கணக்கு இன்னும் அதிர்ச்சி தரும். ஒரு கணக்குக்காக, தினமும் 50,000 கன மீட்டர் எடுக்கும் ஊர் ஒன்றை வைத்துக்கொள்வோம். 10,000 குழாயில் கசிந்து நிலத்துக்குள் போகிறது. 10,000 தோட்டம், துணி உலர்த்தல், குளிர்விப்பு என்று ஆவியாகிறது. மிச்சம் 30,000 சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்குத் திரும்புகிறது. கசிவு அதே படுகையின் நிலத்தடி நீரில்தான் சேருகிறது என்றால், நீலத் தடம் ஆவியான 10,000 கன மீட்டர்தான்.

அந்த 30,000 கன மீட்டரில் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிம மாசைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், மாசின் ஓர் அளவுகோல்) லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைப்போம். நாளுக்கு 900 கிலோ மாசு. ஆற்றுக்கு வைத்திருக்கும் வரம்பு 5 மில்லிகிராம், ஆற்றில் இயல்பாகவே இருப்பது 1 என்றால், ஒரு கன மீட்டர் ஆற்று நீர் தாங்கக்கூடியது 4 கிராம். 900 கிலோவை 4 கிராமால் வகுத்தால் 2,25,000 கன மீட்டர். நீலத் தடத்தைப் போல இருபத்திரண்டு மடங்குக்கும் மேல். (எடுத்த தண்ணீரிலேயே இருந்த மாசைக் கழிக்க வேண்டும், எளிமைக்காக விட்டுவிட்டேன்.) வெளியேறும் நீரை 10 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தால் 75,000 ஆகக் குறையும். சுத்திகரிக்காமல் 250 மில்லிகிராமில் அப்படியே திறந்துவிட்டால் 18,75,000. எந்தக் கசிவுத் தடுப்புத் திட்டமும் இந்த அளவுக்கு எண்ணை அசைக்காது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சாம்பல் தடத்தில் மாசுகளை ஒன்றோடொன்று கூட்டுவதில்லை. எது மோசமோ அதுதான் தடம், ஏனென்றால் அதை நீர்க்கச் செய்யும் தண்ணீரே மற்றவற்றையும் நீர்க்கச் செய்துவிடும். அதே ஊரில் வெளியேறும் நீரில் நைட்ரஜன் 40 மில்லிகிராம் என்றும், ஆற்றில் வரம்பு 10, இயல்பு அளவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றும் வையுங்கள். நைட்ரஜனின் தடம் 1,20,000. பெரும் பணம் செலவழித்து பி.ஓ.டி.-யை 75,000-க்கு இறக்கினாலும் ஊரின் தடம் 1,20,000-இலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு பி.ஓ.டி.-யை நன்றாகவே குறைக்கும், நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரும்பகுதி விட்டுவிடும். ஆகவே டெண்டர் போடுவதற்கு முன்னால் அடுத்து எது தடுக்கப்போகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கசிவைப் பற்றி நான் அலட்சியமாகப் பேசுவதாகத் தோன்றலாம். இல்லை. கசியும் தண்ணீரைச் சுத்திகரித்து, பம்ப் செய்து, மருந்து கலந்து அனுப்பியிருக்கிறோம். அந்த மின்சாரத்துக்கும் ஒரு நீர்த்தடம் உண்டு: அனல் மின் நிலையத்தின் குளிர்விப்பிலும், அணை நீர்ப்பரப்பின் ஆவியாதலிலும் ஒரு பங்கு இந்தக் கசிவின் பெயரில் எழுதப்படும். கடற்கரை ஊர் என்றால் கசிந்தது நேராகக் கடலுக்கே போகலாம், அங்கே முழுக் கசிவும் நீலத் தடம்தான். நான் சொல்வது, கசிவு எங்கே போகிறது என்று கேட்காமல் அதன் அளவை மட்டும் வைத்துப் பேச முடியாது என்பதைத்தான். ‘வருவாய் ஈட்டா நீர்’ என்ற தலைப்பில் கசிவு, திருட்டு இணைப்பு, சரியாக ஓடாத மீட்டர் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கும். பழுதான மீட்டரை மாற்றினால் வருமானம் கூடும், ஆற்றுக்கு அதனால் ஒரு லிட்டரும் மிச்சமில்லை. அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஊரே தூங்கும்போதும், ஒரு பகுதிக்குப் போகும் மொத்த நீரை அளக்கும் மீட்டரில் ஓட்டம் பெரிதாக இருந்தால், அதில் பெரும்பங்கு உண்மையான கசிவு.

மறுபயன்பாட்டிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். சுத்திகரித்த 30,000 கன மீட்டரையும் வயலுக்குக் கொடுத்துவிட்டால் ஆற்றில் சாம்பல் தடம் ஏறக்குறைய இல்லாமல் போகும். கைதட்டல் கிடைக்கும். ஆனால் வயலில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், அதாவது நீலத் தடம் கூடும். ஆற்றின் கீழ்ப்புறத்தில் அந்த நீரை நம்பியிருந்தவர்களுக்குத் தண்ணீர் குறையும். அந்த வயல் முன்பு ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எடுத்ததை நிறுத்தினால்தான் கணக்கு நேராகும். நிறுத்தினார்களா என்று போய்ப் பார்க்கும் வேலையை எந்தத் துறையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படிக்கு வருவோம். படுகை தாங்குமா என்பதை ஆண்டுச் சராசரியில் பார்த்தால் பல ஆறுகள் நன்றாகத்தான் தெரியும். மாதவாரியாகப் பாருங்கள். ஹூக்ஸ்ட்ராவின் முறையில் இயற்கை ஓட்டத்தில் 80 சதவீதத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டு, மீதியைத்தான் மனிதருக்கானதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த மீதியைப் படுகையின் மொத்த நீலத் தடம் தாண்டினால் பற்றாக்குறை, இரண்டு மடங்கைத் தாண்டினால் கடும் பற்றாக்குறை. இப்படி மாதக் கணக்கில் பார்த்தபோதுதான், உலகில் 400 கோடிப் பேர் ஆண்டில் ஒரு மாதமாவது கடும் பற்றாக்குறையில் வாழ்கிறார்கள் என்று ஆய்வாளர் மெக்கோனனும் ஹூக்ஸ்ட்ராவும் 2016-இல் காட்டினார்கள். சாம்பலுக்கும் அப்படித்தான். நாம் பார்த்த ஊரின் 2,25,000 கன மீட்டர், வெள்ளக் காலத்தில் நாளுக்கு 20 லட்சம் கன மீட்டர் ஓடும் ஆற்றில் ஒன்றுமே இல்லை. வறண்ட மாதத்தில் அதே ஆறு 1,50,000-க்கு இறங்கினால், அந்த ஒரே ஊர் ஆற்றின் தாங்குதிறன் முழுவதையும் தின்று அதற்கு மேலும் கேட்கும்.

இதனால் ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. வருடம் முழுக்கக் கூடுதல் சுத்திகரிப்பை ஓட்டப் பணம் இல்லையா? சரி, அந்த இரண்டு மூன்று வறண்ட மாதங்களுக்காவது ஓட்டுங்கள்.

நீர்த்தடத்துக்கென்று 2014-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14046 என்ற சர்வதேசத் தரத்தின் வழி வருபவர்கள், ஒரு லிட்டரை அந்த இடத்தின் பற்றாக்குறையால் எடைபோட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். ஹூக்ஸ்ட்ரா தரப்பு, லிட்டரை லிட்டராகவே வைத்துப் பற்றாக்குறையைத் தனியே பாருங்கள் என்பார்கள். இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. எந்த முறையில் வந்த எண்ணாக இருந்தாலும் ஆண்டறிக்கை அட்டையில் ஒற்றை எண்ணாக அச்சடிக்காதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

உண்மையில் முறையைவிட அதிகம் படுத்துவது தரவுதான். எடுக்கும் இடத்து மீட்டர் எப்போதோ நின்றுபோயிருக்கும். பம்பின் மேல் எழுதியிருக்கும் திறனை ஓடிய மணி நேரத்தால் பெருக்கிப் பதிவேட்டில் எழுதுவார்கள். பல வருடம் தேய்ந்த பம்ப் அந்த அளவு இறைக்காது. ஒரு பதிவேட்டில் மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் ஒரே எண் இருந்தது, மின்வெட்டு நாளிலும். ஆய்வகத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீர், போகும் நீர் இரண்டுக்கும் முடிவுகள் இருக்கும். ஊருக்கு மேலே, யாரும் எதுவும் கலக்காத இடத்தில் ஆற்று நீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அந்த ஒரு எண் இல்லாமல் சாம்பல் கணக்கில் கீழே போட வகுஎண் கிடையாது. ஆகவே என் முதல் பரிந்துரை பெரும்பாலும் மாதம் ஒரு தடவை மேல்புறம் போய் ஒரு பாட்டில் நீர் எடுத்து வருவதுதான். ஆலோசகருக்கு இவ்வளவு கட்டணமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மலைக்கு அந்தப் பக்கம் எடுத்த அந்த நிறுவனத்தின் மாதத் தாளில் இப்போது இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன: ‘திரும்பியது, எந்த ஆற்றுக்கு’ என்று ஒன்று, ‘வறண்ட மாதத் தாங்குதிறனில் நம் பங்கு’ என்று ஒன்று. முதல் கட்டத்தைப் பொறியாளர்கள் நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாவது இன்னும் காலியாகத்தான் வருகிறது, மேல்புற மாதிரி எடுக்கப் போகும் வண்டிக்கு அனுமதி கிடைக்கவில்லையாம்.